அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு மதிப்பெண்: கருத்துக்கா, வாதத்துக்கா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களின் எபிசோடுகளுக்கு மதிப்பெண் வழங்கும் பகுதியைத் தவறாமல் படித்து வருகிறேன். ஸ்டார் ட்ரெக், ட்விலைட் ஸோன், டாக்டர் ஹூ போன்ற தொடர்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு அக்கறையோடு எழுதுபவர்கள் குறைவு; அதற்காக முதலில் நன்றி. ஆனால் மொத்தமுள்ள பத்து மதிப்பெண்ணில் ஐந்தை ‘அரசியல் கருத்து’ என்ற தலைப்புக்கு ஒதுக்கிவிட்டு, எபிசோடு கடைசியில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் பார்த்து அந்த ஐந்தையும் வழங்குவது சரியான முறை அல்ல என்று கருதுகிறேன். போரை எதிர்த்தால் ஐந்து, ஆதரித்தால் ஒன்று. இனவெறியைக் கண்டித்தால் ஐந்து, நிறுவனத்தின் பக்கம் நின்றால் இரண்டு என்ற இந்தக் கணக்கு, நல்ல எபிசோடுகள் சிலவற்றைக் கீழே தள்ளி, சாதாரணமானவை சிலவற்றைத் தூக்கி வைத்திருக்கிறது.

பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டிகளுக்குப் பல ஆண்டுகள் நடுவராகப் போய் வந்தவன் நான். ஒரு தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் பேச வரும் பிள்ளைகளில், என் சொந்தக் கருத்தை ஒட்டிப் பேசிய பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்தால் நான் நடுவர் அல்ல, மூன்றாவது அணி. எதிரணியின் மிக வலுவான வாதத்தைத் தானே எடுத்து வைத்து, அதற்கு நேர்மையாக விடை தேடிய பிள்ளைக்கே மதிப்பெண் போக வேண்டும். எபிசோடுகளின் அரசியலையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தங்கள் விமர்சகர் எடுத்துக்கொண்ட எபிசோடுகளையே வைத்து அதை விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஸ்டார் ட்ரெக் முதல் தொடரில் 1968 பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘எ பிரைவேட் லிட்டில் வார்’. ‘வியட்நாம் போரை நியாயப்படுத்துகிறது’ என்ற ஒரே வரியோடு அதற்கு ஐந்துக்கு ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரி தவறல்ல, ஆனால் அது எபிசோடின் பாதிகூட இல்லை. நியூரல் என்ற கிரகத்தில், தொடரின் நாயகனும் விண்கலத்தின் தலைவருமான கேப்டன் கிர்க் 13 ஆண்டுகளுக்கு முன் இளம் அதிகாரியாக வந்து தங்கியிருந்தபோது, மலைவாசிகளும் ஊர்வாசிகளும் சண்டை சச்சரவின்றி வாழ்ந்தார்கள். அவர்களிடம் இருந்த பெரிய ஆயுதம் வில்லும் அம்பும்தான். திரும்பி வரும்போது ஊர்வாசிகளின் கையில் துப்பாக்கி இருக்கிறது. எதிரி வல்லரசான கிளிங்கான்கள் அதை ரகசியமாகச் செய்துகொடுத்து, ஏதோ உள்ளூரிலேயே உருவான தொழில்நுட்பம் போல வளர்த்து வருகிறார்கள். கிர்க்கின் பழைய நண்பனும் மலைவாசிகளின் தலைவனுமான டைரீ, யாரையும் கொல்ல மாட்டேன் என்று உறுதியாக நிற்கிறான். அவன் மக்களுக்கும் அதே ரகத் துப்பாக்கிகளை, அதைவிடக் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்ற கணக்கில் கொடுக்க கிர்க் முடிவெடுக்கிறார்.

இந்த முடிவைக் கேட்டதும் விண்கலத்தின் மருத்துவர் மெக்காய் கொதித்துப் போகிறார். இருபதாம் நூற்றாண்டில் ஆசியக் கண்டத்தில் நடந்த சிறு போர்களை கிர்க் உதாரணம் காட்டும்போது, அந்தப் போர் ஆண்டுக்கணக்கில் ரத்தம் சிந்தியதுதானே மிச்சம் என்று மெக்காய் திருப்பிக் கேட்கிறார். நாளைக்கு அவர்கள் இன்னும் நல்ல துப்பாக்கி கொடுத்தால் என்ன செய்வாய் என்றும் கேட்கிறார். நாமும் அதே அளவு கொடுப்போம், இருப்பதிலேயே அழுக்கான விளையாட்டு இதுதான், ஆனாலும் இரண்டு தரப்பையும் அழியாமல் காப்பது இது ஒன்றே என்பது கிர்க்கின் பதில். அன்றைய வாஷிங்டனின் அதிகாரச் சமநிலைக் கொள்கை அப்படியே ஒலிப்பது உண்மைதான். ஆனால் எழுதியவர்கள் எதிர்வாதத்தை மெக்காயின் வாயில் முழு வலுவோடு வைத்திருக்கிறார்கள் என்பதையும், அதற்கு கிர்க்கிடம் இருப்பது ஒரு கணக்கு மட்டுமே, ஆறுதல் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மனைவி கொல்லப்பட்ட பிறகு டைரீ மாறிவிடுகிறான். கொல்ல மாட்டேன் என்றவன் தன் கையிலிருக்கும் துப்பாக்கியை நீட்டி, இதுபோல இன்னும் நிறைய வேண்டும் என்கிறான். கிர்க் வாதத்தில் ஜெயித்ததன் விலை அந்த மனிதன். கடைசியில் விண்கலத்தைத் தொடர்புகொண்டு நூறு துப்பாக்கிகள் செய்யச் சொல்லும் கிர்க்கின் குரலில் வெற்றியின் சாயலே இல்லை. ஏதேன் தோட்டத்துக்குப் பாம்புகளை அனுப்புவதாக அவரே சொல்கிறார்.

இந்த எபிசோடு ஒளிபரப்பான அதே வாரத்தில்தான் வியட்நாமில் அமெரிக்கத் தரப்பின் மீது கம்யூனிஸ்ட் படைகளின் டெட் புத்தாண்டுத் தாக்குதல் தொடங்கியிருந்தது. போர் விரைவில் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்டு வந்த அமெரிக்க வீடுகளில், வரவேற்பறைத் தொலைக்காட்சியில் செய்தியாக ரத்தமும், அதைத் தொடர்ந்து பொழுதுபோக்காக இந்தக் கதையும் வந்தன. போரை ஆதரிக்கும் முடிவுக்கு வந்த எழுத்தாளர்கள், அந்த ஆதரவு ஒரு நல்ல மனிதனை என்னவாக்கும் என்பதை மறைக்காமல் காட்டினார்கள் என்றால், அது நேர்மையான அரசியல் எழுத்து. அவர்களுடைய முடிவோடு எனக்கும் உடன்பாடு இல்லை. இருந்தாலும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது, தங்கள் பட்டியலில் முழு ஐந்தும் பெற்ற ‘லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்டு’. 1969 ஜனவரி 10-ஆம் தேதி, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒன்பது மாதங்களான நிலையில் ஒளிபரப்பானது. முகத்தில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக இரண்டு பேர். பீல் என்பவனுக்கு வலப்பக்கம் கறுப்பு, லோக்காய் என்பவனுக்கு இடப்பக்கம். அந்த வேறுபாட்டை கிர்க்கால் முதலில் கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை. அந்த ஒரு காட்சிக்காக இந்த எபிசோடு என்றும் நினைவில் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கதையின்படி பீலின் இனம் லோக்காயின் இனத்தை அடிமையாக வைத்திருந்தது. லோக்காய் அதற்கு எதிராகக் கலகம் செய்தவன். எபிசோடோ போகப்போக இந்த வித்தியாசத்தை மறந்து, இருவர் மனத்திலும் இருப்பது ஒரே வெறுப்பு, இருவரும் சம அளவில் குற்றவாளிகள் என்று முடித்துவிடுகிறது. அழிந்துபோன தங்கள் கிரகத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓட, கப்பலில் இருப்பவர்கள் பரிதாபப்படுகிறார்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தராசில் வைத்து இருவருக்கும் புத்தி சொல்வது, அந்த ஆண்டில், அந்த நாட்டில், எவருக்கும் வலிக்காத முடிவு. இனவெறி தவறு என்ற செய்திக்காக ஐந்து கொடுக்கலாம் என்றால், அந்தச் செய்தியைச் சொல்லும் எந்தச் சுவரொட்டிக்கும் ஐந்து கொடுத்துவிடலாம். என் கணக்கில் இது இரண்டு பெறும்.

தங்கள் பட்டியலில் இடம்பெறாத ‘எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடன்’ (1967 பிப்ரவரி 23) பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எமினியார், வெண்டிகார் என்ற இரண்டு கிரகங்கள் 500 ஆண்டுகளாகப் போரிடுகின்றன. ஆனால் ஒரு கட்டடத்தில்கூட விரிசல் இல்லை. தாக்குதல்களைக் கணினிகள் கணக்கிடுகின்றன. இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் தாங்களாகவே போய் ஒரு கூடத்துக்குள் நுழைந்து ஆவியாகிவிட வேண்டும். ஆண்டுக்குப் பத்து லட்சம் முதல் முப்பது லட்சம் பேர் வரை இப்படிச் சாகிறார்கள். ஊரும் கலையும் நாகரிகமும் பத்திரமாக இருக்க இதுவே வழி என்று அந்த அரசு மனதார நம்புகிறது. கிர்க்குக்கு உதவி செய்யும் மியா என்ற பெண்ணே, தன் பெயர் பட்டியலில் வந்துவிட்டதைப் பதறாமல் சொல்லி, போக வேண்டியது என் கடமை என்கிறாள். இந்தக் கதையில் அரசியலைத் தனியாக எடுத்து வைக்க முடியாது. கூடத்தின் வாசலில் மனிதர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பதைக் காட்டினாலே போதும், போரின் கோரத்தை மறைக்கும் ஏற்பாடு போரை நிரந்தரமாக்கிவிடும் என்ற கருத்து, ஒருவரும் வாய் திறக்காமலே வந்து சேர்ந்துவிடுகிறது. கடைசியில் கிர்க் கொஞ்சம் பேசத்தான் செய்கிறார். ஆனால் அதற்கு முன்பே கணினிகளை உடைத்து, நிஜப் போரா சமாதானமா என்று அவர்களே முடிவெடுக்கும் நிலைக்குத் தள்ளிவிடுகிறார். அந்தச் செயல்தான் வாதம். மதிப்பெண் என்று வந்தால் முழு ஐந்தும் இதற்குத்தான்.

இந்த வகைத் தொடர்களுக்கு அரசியல் எங்கிருந்து வந்தது என்பதையும் விமர்சகர் கருத்தில் கொள்ள வேண்டும். 1955-இல் மிசிசிப்பியில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானபோது, எழுத்தாளர் ராட் செர்லிங் அதை அடியொற்றி ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதினார். 1956-இல் அது ஒளிபரப்பாவதற்குள், விளம்பரதாரர்களும் நிறுவனமும் தென் மாநிலங்களின் கோபத்துக்கு அஞ்சி, கதை நடக்கும் இடத்தை வடகிழக்குக்கு மாற்றி, கொல்லப்பட்டவர் யார் என்பதையும் மாற்றி, கடைசியில் எதைப் பற்றிய நாடகம் என்றே தெரியாதபடி செய்துவிட்டார்கள். அதே செர்லிங்தான் 1959-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ட்விலைட் ஸோனைத் தொடங்கினார். அதன் 156 எபிசோடுகளில் 92-ஐ அவரே எழுதினார். மனிதர்கள் வாயில் வைத்தால் வெட்டப்படும் வசனம் வேற்றுக்கிரகவாசியின் வாயில் வைத்தால் தப்பிவிடும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டுகொண்டார். ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ (1960 மார்ச் 4) அந்தக் கண்டுபிடிப்பின் உச்சம். ஒரு தெருவில் மின்சாரம் போகிறது. ஒரு வீட்டில் மட்டும் கார் தானாகக் கிளம்புகிறது. அரை மணி நேரத்துக்குள் அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் சந்தேகித்து, இருட்டில் நடந்து வந்த ஒருவரைச் சுட்டே விடுகிறார்கள். கம்யூனிஸ்டுகளைத் தேடுவதாகச் சொல்லி அமெரிக்காவில் சந்தேக வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியின் பெயரோ கம்யூனிஸ்ட் என்ற சொல்லோ எங்கும் இல்லை. மறைத்துச் சொல்ல வேண்டிய நெருக்கடியே கலைக்கு உதவியது என்று இதை எளிதாகச் சொல்லிவிட நான் தயாரில்லை. செர்லிங்குக்கு அது பெரும் இழப்பு. எம்மெட் டில்லின் கதையை அவர் நினைத்தபடி சொல்ல முடியாமலே போயிற்று. ஆனால் 1960-ஆம் ஆண்டு எபிசோடு ஒன்று ‘வெளிப்படையாகப் பேசவில்லை’ என்பதற்காகத் தங்கள் விமர்சகர் மதிப்பெண் குறைத்திருப்பது, அந்தக் காலத்தில் எழுத்தாளனின் வாய் எந்த அளவுக்குக் கட்டப்பட்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் செய்தது.

ஒரு வசனத்தை மட்டும் உருவி எடுத்துத் தீர்ப்பு எழுதும் வழக்கத்துக்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் 1990 ஜனவரியில் வந்த ‘தி ஹை கிரவுண்டு’ எபிசோடில், வன்முறையால் அரசியல் மாற்றம் வந்த நிகழ்வுகளைப் பட்டியலிடும் டேட்டா என்ற இயந்திர மனிதன், கதையின் கணக்கில் 2024-இல் அயர்லாந்து ஒன்றிணைந்ததையும் போகிற போக்கில் குறிப்பிடுகிறான். வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு வரிக்காக பிபிசி அந்த எபிசோடைப் பல ஆண்டுகள் ஒளிபரப்பவில்லை. எபிசோடின் மற்ற நாற்பத்துச் சொச்ச நிமிடங்களில் போராளித் தலைவனும் அவனைத் தேடும் காவல்துறைப் பெண் அதிகாரியும் தங்கள் தங்கள் இழப்பைச் சொல்லும் இடங்கள் கவனிக்கத்தக்கவை. அவற்றை எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பே அந்தப் பார்வையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. தடை செய்தவர்களின் நோக்கம் வேறு, மதிப்பெண் வழங்குபவரின் நோக்கம் வேறு என்பதை அறிவேன். ஆனால் ஒற்றை வரியை முழுப் படைப்பாக எண்ணும் பிழை இரண்டு இடத்திலும் ஒன்றே.

அதே தொடரின் ‘தி ட்ரம்ஹெட்’ (1991 ஏப்ரல்) பற்றித் தங்கள் விமர்சகர் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயத்தில், பழைய காட்சிகளை ஒட்டுப்போட்டு ஒரு எபிசோடை ஒப்பேற்ற விரும்பாத குழுவினர், ஏற்கெனவே இருந்த அரங்குகளையும் சில நடிகர்களையும் மட்டும் வைத்து எடுத்த எபிசோடு அது. விண்கலத்தின் இயந்திர அறையில் ஒரு வெடிப்பு. விசாரிக்க வரும் ஓய்வுபெற்ற அட்மிரல் நோரா ஸேட்டி, அது விபத்து என்று தெரிந்த பிறகும் விசாரணையை நிறுத்தவில்லை. மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் சைமன் டார்ஸஸ் என்ற இளைஞன், தன் தாத்தா எதிரி நாட்டு ரோமுலன் என்பதை விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறான், அது போதுமானதாகிவிடுகிறது. விமர்சகர் கேப்டன் பிக்கார்டின் உரையை வியந்து எழுதியிருக்கிறார். நான் சுட்டிக்காட்ட விரும்புவது கப்பலின் கிளிங்கான் அதிகாரியான வொர்ஃபை. ஒற்றனைத் தேடிப் பிடிக்கும் வேலையில் முதல் ஆளாக ஆர்வத்தோடு இறங்குபவன் அவனே. அவனும் கெட்டவனல்ல, கப்பலின் பாதுகாப்பு அவன் பொறுப்பு, அதைச் சரியாகச் செய்வதாகவே நம்புகிறான். தந்தையைத் துரோகி என்று முத்திரை குத்தியதால் தன் இனத்தாரிடம் அவமானப்பட்டவன், இன்னொருவனுக்கு அதே முத்திரையைக் குத்தத் துணை போகிறான். எல்லாம் முடிந்த பிறகு, நான் அவரை நம்பினேன், அவருக்கு உதவினேன் என்று பிக்கார்டிடம் ஒப்புக்கொள்ளும்போதுதான் எபிசோடின் அரசியல் நம் வீட்டுக்குள் வருகிறது. வேட்டை நாய்களாக அயலாரைக் காட்டாமல், பார்வையாளர்கள் நான்கு ஆண்டுகளாக நேசித்து வந்த ஒருவனைக் காட்டியதற்காகத்தான் ஐந்துக்கு ஐந்து.

ஸ்டார் ட்ரெக் வரிசையின் டீப் ஸ்பேஸ் நைன் தொடரிலிருந்து இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 1995 ஜனவரியில் இரண்டு பகுதிகளாக வந்த ‘பாஸ்ட் டென்ஸ்’, 2024-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் வேலையும் வீடும் இல்லாதவர்களை மதில் சூழ்ந்த ஒரு பேட்டைக்குள் அடைத்து வைத்திருப்பதைக் காட்டியது. பேட்டைக்குள் நடக்கும் கலகத்தைவிட, வாசலில் படிவம் நிரப்பும் லீ என்ற பெண் ஊழியரின் காட்சி எனக்கு முக்கியமாகப்பட்டது. விதிப்படி நடக்காமல் ஒரு பெண்ணைத் தப்பிக்க விட்டதற்காக ஒருமுறை வேலையே போகும் நிலைக்கு வந்தவர் அவர். நிலைமை இப்படி இருப்பது உங்கள் தவறல்ல என்று டாக்டர் பஷீர் ஆறுதல் சொல்லும்போது, எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம், ஒன்றும் மாறுவதில்லை என்கிறார். ஒரு கொடுமையை நடத்திக்கொடுக்கக் கொடியவர்கள் தேவையில்லை என்பதை அந்த மேசையும் படிவமும் சொல்லிவிடுகின்றன. ‘இன் தி பேல் மூன்லைட்’ (1998 ஏப்ரல்) எபிசோடில், தோல்வியை நோக்கிப் போகும் போரில் ரோமுலன்களை நட்பு நாடாக இழுக்க, கேப்டன் சிஸ்கோ பொய்ச் சான்று தயாரிப்பதில் தொடங்கிக் கொலைக்கு உடந்தையாவது வரை போகிறார். கடைசியில் இதோடு என்னால் வாழ முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதிவை அழிக்கச் சொல்கிறார். எபிசோடு அவரைத் தண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ‘தெளிவான நிலைப்பாடு இல்லை’ என்று தங்கள் விமர்சகர் இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறார். தெளிவான நிலைப்பாட்டை எழுதுவது இதைவிட எத்தனையோ எளிது; எழுதியவர்கள் அந்த எளிய வழியில் போகாததற்கு மதிப்பெண் கூட்டியிருக்க வேண்டும்.

டாக்டர் ஹூ தொடரில் 2018 நவம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் வந்த இரண்டு எபிசோடுகள், என் வாதத்துக்கு மிக நெருக்கமானவை. நவம்பர் 11-ஆம் தேதி வந்த ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’, 1947 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, அதாவது இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்க்ளிஃப் கோடு பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட நாளில் தொடங்குகிறது. காலத்தில் பயணிக்கும் நாயகியான டாக்டரின் துணை யாஸ்மின் கானின் பாட்டி உம்ப்ரீன் என்ற முஸ்லிம் பெண்ணும் பிரேம் என்ற இந்து இளைஞனும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள். வேற்றுக்கிரகத்துக் கொலையாளிகள் என்று நாம் பயப்படும் உருவங்கள், தனியாகச் சாகிறவர்களுக்கு அருகில் நின்று அஞ்சலி செலுத்த வந்தவர்கள் என்று பிறகு தெரிகிறது. ஆபத்து பிரேமின் சொந்தத் தம்பி மனீஷிடமிருந்து வருகிறது. வில்லன் விண்வெளியிலிருந்து வருவான் என்ற எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டு, அவனை ஒரே வீட்டின் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்த துணிவு பெரிது. இந்தியாவுக்கு அதற்கு முன் வந்தே இராத ஒரு வழக்கறிஞர் ஐந்தே வாரங்களில் அந்தக் கோட்டை வரைந்தார் என்ற வரலாறு, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வரும் கதையில் இன்னும் கூர்மையாக வந்திருக்கலாம் என்பது என் குறை. தங்கள் விமர்சகர் கொடுத்த ஐந்தில் அதற்காக நான் ஒன்றைக் குறைப்பேன்.

அடுத்த வாரம் வந்த ‘கெர்ப்ளாம்!’ இணைய வழியில் பொருள் விற்கும் மாபெரும் நிறுவனத்தின் கிடங்கில் நடக்கிறது. தொழிலாளர்களில் பத்து விழுக்காட்டினர் மனிதர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம். மீதி வேலையெல்லாம் இயந்திரங்களுக்கு. வேலை நேரத்தில் இரண்டு வார்த்தை பேசினால் ரோபோ வந்து கண்டிக்கிறது. மகளின் எதிர்காலத்துக்காக அவளைப் பிரிந்து வந்து வேலை பார்க்கும் டேன் போன்றவர்களை எபிசோடு பரிவோடு நமக்கு அறிமுகப்படுத்துகிறது. கடைசியில் பார்த்தால், குற்றவாளி நிறுவனம் அல்ல, இயந்திரங்கள் வேலையைப் பறிப்பதை எதிர்த்துப் பொதிகளில் வெடிமருந்து வைத்த துப்புரவுத் தொழிலாளி சார்லி. அமைப்பு முறை பிரச்சினையல்ல, அதை மனிதர்கள் பயன்படுத்தும் விதமே பிரச்சினை என்று டாக்டர் சொல்கிறார். தங்கள் விமர்சகர் இரண்டு கொடுத்ததற்குக் காரணம், அது நிறுவனத்தின் பக்கம் நிற்கிறது என்பது. நானும் இரண்டுதான் கொடுப்பேன், ஆனால் வேறு காரணத்துக்காக. சார்லிக்குப் பாடம் புகட்ட, அவன் விரும்பிய கீரா என்ற அப்பாவிப் பெண்ணை அந்தக் கணினி அமைப்பே கொல்கிறது. அந்தக் கொலையை டாக்டர் எதிர்கொள்ளவே இல்லை. முப்பது நிமிடம் நமக்குக் காட்டிய கிடங்கு வாழ்க்கைக்குப் பதிலாக, இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுப்பும், இனி மனிதர்களை அதிகம் அமர்த்துவோம் என்ற வாக்குறுதியும் கிடைக்கின்றன. எபிசோடு தானே எழுப்பிய கேள்வியைத் தானே கைவிட்டது என்பதுதான் அதன் குறை. நிறுவனத்தின் பக்கம் நின்றே, அந்தக் கேள்விகளுக்கு விடை தேடியிருந்தால் நான்கு கொடுக்கவும் தயங்க மாட்டேன்.

பழைய எபிசோடுகளை இன்றைய கண்ணோடு பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டார் ட்ரெக் முதல் தொடரின் கடைசி எபிசோடான ‘டர்ன்அபவுட் இன்ட்ரூடர்’ (1969 ஜூன் 3), பெண்களுக்குக் கேப்டன் பதவி கிடையாது என்பதைக் கதையின் அடித்தளமாகவே வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுக் குமுறும் ஜானிஸ் லெஸ்டரைப் பித்துப் பிடித்தவளாக்கிவிட்டது. அதே தொடரில்தான் கறுப்பினப் பெண்ணான உஹூரா அதிகாரியாக அமர்ந்திருந்தார். அந்த வேடத்தை விட்டுவிட எண்ணியிருந்த தன்னை மார்ட்டின் லூதர் கிங்கே தடுத்து நிறுத்தினார் என்று உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே தொடரின் உண்மைகள். காலம் அப்படி என்று முதலாவதை மன்னிக்க வேண்டியதில்லை. 1969-இல் பெண்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதியவர்களுக்கு அந்தக் குரல் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

ஆகவே இரண்டு சிறு மாற்றங்களைக் கோருகிறேன். ஒவ்வொரு எபிசோடின் பெயருக்குக் கீழும் அது முதலில் ஒளிபரப்பான தேதியையும் எழுதியவரின் பெயரையும் அச்சிடுங்கள். இப்போது தொடரின் பெயர் மட்டுமே இருப்பதால், இளம் வாசகர்கள் 1960-ஐயும் 2018-ஐயும் ஒரே காலமாக எண்ணிப் படிக்க நேர்கிறது. ‘அரசியல் கருத்து’ என்ற தலைப்பின் கீழ், எபிசோடு எதிர்த்தரப்பின் சார்பில் யாரைப் பேச வைத்தது, அவருக்கு என்ன விடை கொடுத்தது என்று இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு ஸ்டார் ட்ரெக் முதல் தொடரின் ‘தி க்ளவுட் மைண்டர்ஸ்’ வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். மேகங்களுக்கு நடுவே மிதக்கும் ஸ்ட்ராட்டோஸ் நகரத்தில் ஓவியமும் இசையுமாக வாழ்பவர்களுக்காக, கீழே சுரங்கத்தில் ட்ராக்லைட்டுகள் என்ற மக்கள் உழைக்கும் கதை அது. அவர்களுடைய அறிவு மழுங்கியிருப்பதற்குப் பிறவி காரணமல்ல, சுரங்கத்தில் கசியும் வாயுவே காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டு, கடைசியில் வாயுவை வடிகட்டும் முகமூடிகள் வந்து சேர்கின்றன. ஏற்றத்தாழ்வைக் கண்டிக்கிறது என்பதற்காக ஐந்தும் வழங்கும் முன், முகமூடி வந்த பிறகு அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மேலே உள்ள நகரத்தில் குடியிருக்கும் உரிமையும் சுரங்கத்தின் விளைச்சலில் பங்கும் கிடைத்தனவா, அந்தக் கேள்வியை எபிசோடு கேட்கவாவது செய்கிறதா என்று தங்கள் விமர்சகர் ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.